கயிறு பிடிக்கிற வேலை

சரிதாவுக்கு அந்த வருஷம் முழுக்க மனதில் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பரமத்தி வேலூர் காவிரியில் கயிறு பிடிக்கிற வேலையை எப்படியாவது தன் சங்கத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

அது என்ன பெரிய வேலை என்று கேட்கிறவர்கள் ஆடி பதினெட்டில் அந்தக் கரைக்கு வந்ததில்லை என்று அர்த்தம். சுற்றுவட்டாரமே அன்றைக்கு ஆற்றில்தான் கிடக்கும். முளைப்பாரி விடுகிறவர்கள், தாலிக்கயிறு மாற்றுகிறவர்கள், கைக்குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு இறங்குகிறவர்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் முழங்கால் தண்ணீர்தான். அதற்கப்புறம் மணல் சட்டென்று கீழே இறங்கிவிடும். மேலே நின்று பார்த்தால் அது தெரியாது. அந்த எல்லையில் நீளமான கயிறு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தீயணைப்புக்காரர்கள் நிற்பார்கள். வருஷா வருஷம் ஆள் போதாது. ஆள் தீர்ந்த இடத்தில் மூங்கிலை நட்டு, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, மிச்சத்தை மைக்கில் கத்தித் தீர்ப்பார்கள்.

சரிதா சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்க்கிறவள். பள்ளிக்கூட நாளில் சாரணியர் படையில் இருந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. அந்த வருஷம் அவள்தான் நற்சாரணர் சங்கத்துக்கு நடத்துநர்.

அந்தச் சங்கத்தில் யாரும் தானாகப் போய்ச் சேர முடியாது. சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் உள்ள சாரணப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தடவை தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பி வைப்பார்கள். அணிவகுப்பில் நன்றாக நடக்கிறவரையோ, பேச்சில் கெட்டிக்காரரையோ அல்ல. "சொல்லாமலே வேலை செய்யறது யாரு?" என்பதுதான் கேள்வி. வாத்தியார்களுக்கு ஓட்டுக் கிடையாது. அப்படி வந்த பிள்ளைகள் சேர்ந்துதான் நடத்துநரையும் தேர்ந்தெடுப்பார்கள். நிற்கிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பிள்ளைகள் கையைத் தூக்குவார்கள். சரிதா திரும்பிப் பார்த்தபோது எல்லாக் கையும் மேலே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டாள்.

"அடுத்த ஆடிக்கு உங்களைக் காவேரியில கயித்துல நிறுத்தறேன். நிறுத்தலைன்னா இந்த ஸ்கார்ஃபைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

மேச்சேரியிலிருந்து வந்திருந்த மலர்விழி மட்டும் கையை இறக்காமலே கேட்டாள். "வெளையாட்டுக்குச் சொல்றீங்களா, நெசமாலுமேவாக்கா?"

"நெசமாலும்தான்."

"அப்பச் சரி," என்று கையை இறக்கினாள் மலர்விழி.

இதற்குக் குறுக்கே நின்றவர் நவநீதகிருஷ்ணன். சங்கத்தின் தலைவர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகள் வைத்திருக்கிறவர், அவருடைய வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கும். அவர் சாரணராக இருந்ததே இல்லை. ஆனால் பிள்ளைகள் போகிற பஸ், சாப்பிடுகிற சாப்பாடு, கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃப் எல்லாம் அவர் கைக்காசு. முகம் சுளித்து அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் சரிதா முதல் மாதமே சண்டை போட்டு விஷயத்தை முடித்திருப்பாள். அவர் நல்லவர், அதுதான் தொல்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை. எந்த விழாவானாலும் மேடைக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் சீருடையில் நிற்க வேண்டும்.

வருஷம் தொடங்கியதே அப்படித்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் முழுக்க வாயே திறக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். சங்ககிரி மலைக்கோட்டைப் பாதையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கி இறக்குவது என்று சரிதா ஏற்பாடு செய்திருந்தாள். பிள்ளைகள் காலையில் ஏறி, ஒரு வார்த்தை பேசாமல், சாக்கை நிரப்பத் தொடங்கிக் கோட்டை வாசல் ஒன்றைத் தாண்டியிருப்பார்கள். கீழேயிருந்து ஆம்ப்ளிஃபயர் சத்தம் கேட்டது. தலைவர் மைக் செட்டோடு வந்துவிட்டார். பிள்ளைகளை இறக்கி வரிசையாக உட்கார வைத்து, மௌனத்தின் பெருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். வெயில் ஏறுகிற வரைக்கும் பேசினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதே மௌனத்தைப் பற்றிப் பேசினார்கள். சாக்குகள் பாதி நிரம்பியபடி பாதையிலேயே கிடந்தன. பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாதே, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மலர்விழி சரிதாவைப் பார்த்த பார்வை மட்டும் நன்றாகவே பேசியது.

தீபாவளிக்கு முன்னால் தீக்காயத்துக்கு முதலுதவி செய்து காட்டும் நிகழ்ச்சி என்று போனார்கள். போன இடத்தில் தலைவரின் உறவுக்காரர் ஒருவருடைய துணிக்கடைத் திறப்புவிழா. கட்டுத்துணிப் பெட்டி பஸ்ஸிலேயே இருந்தது, பிள்ளைகள் வாசலில் பன்னீர் தெளித்தார்கள். பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டியை நடத்திக் கொடுக்கப் போனார்கள், பரிசுத் தட்டு ஏந்தினார்கள். வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேருக்குத் தண்ணீர்ப் பந்தல். சரி, இதிலாவது வேலை இருக்கிறது என்று சரிதா சந்தோஷப்பட்டாள். தலைவர் வந்து, தண்ணீர் டம்ளரைத் தாமே எடுத்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். பிள்ளைகள் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

அன்றைக்குச் சரிதாவால் பொறுக்க முடியவில்லை. பந்தலுக்குப் பின்னால் அவரைத் தனியாகப் பிடித்தாள்.

"வேலை ஏதாச்சும் குடுங்கண்ணா. வெறுமனே நிக்கறதுக்கு இவங்க எதுக்குங்க?"

"நிக்கறது வேலையில்லையா அம்மிணி?" என்றார் அவர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "நீ நின்னு பாரு, கால் எப்படிக் கடுக்குதுன்னு. புள்ளைங்க ரெண்டு பக்கமும் நின்னா எடத்துக்கே ஒரு களை வந்துருது."

"களை வர்றதுக்கு வாழைமரம் கட்டலாமுங்களே."

"வாழைமரம் சல்யூட் அடிக்குமா?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கெல்லாம் இளநீர் வெட்டச் சொல்லிவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. இளநீர் வேறு நன்றாக இருந்தது.

வீட்டிலும் இதே பாட்டுதான். அவள் கணவன் வேலுசாமி டயர் கடை வைத்திருப்பவன். "ஊர்ல எந்த மேடைன்னாலும் தோரணம் நீதான்," என்பான். "லீவு நாள்னா ஊட்டுல ஒரு ஆள் இருக்கறதில்ல." அவன் சொல்வதில் தப்பு எங்கே இருக்கிறது என்று சரிதா தேடிப் பார்ப்பாள், கிடைக்காது.

பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது. குமாரபாளையத்துப் பையன் கலையரசன் ஒருநாள் அவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு ஓட்டுப் போட்டாங்களே எங்க ஸ்கூல்ல, அவங்க கேக்கறாங்க. அங்க போயி என்னடா பண்றீங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"கைதட்டறோம்னு சொன்னேன்."

அந்தப் பதில் சரிதாவை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மேடை விழா என்றால் விருந்தினர் வருகிறவரைக்கும் காத்துக்கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையாவது வீணாக்கக் கூடாது என்று, மேடைகளுக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில், சமையல் கொட்டகை ஓரத்தில், அவள் பிள்ளைகளுக்கு விசில் பழக்கினாள். சாரணர்களுக்கு விசிலில் ஒரு பாஷை உண்டு. நீளமாக ஒரே ஒரு தடவை ஊதினால் நின்ற இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். நீட்டி நீட்டிப் பல தடவை ஊதினால் கலைந்து போக வேண்டும். குட்டை குட்டையாக விடாமல் ஊதினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து, ஊதுகிறவருக்கு எதிரே குதிரை லாடம் போல வளைந்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும்.

முதலில் நத்தை மாதிரி வந்தார்கள். ஊதுவது யார் என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அக்காதான் என்று தெரிந்த பிறகு ஓடினார்கள். சரிதாவுக்கு அது பிடிக்கவில்லை. கலையரசனிடம் விசிலைக் கொடுத்து ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து ஊதச் சொன்னாள். சமையல்காரரிடம் கொடுத்து ஊதச் சொன்னாள்.

"யார் ஊதறாங்கன்னு பாக்காதீங்க. காதுல விழுந்தா கால் ஓடோணும். நடுவுல மூளைக்கு வேலையே கிடையாது."

மாசி, பங்குனிக்குள் பிள்ளைகள் மின்னல் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் காரை ஒதுக்க வாட்ச்மேன் ஊதியதற்கு இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரிதாவும் சிரித்தாள். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனி பிறந்ததும் அவள் யாரிடமும் கேட்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பரமத்தி வேலூர் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விட்டாள். இன்ஸ்பெக்டரம்மா முதலில் முகம் கொடுக்கவில்லை. படிக்கிற பிள்ளைகள், தண்ணீர் விவகாரம், ஏதாவது ஒன்றானால் யார் பதில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், "சொன்னா சொன்னபடி நிப்பாங்களா? கூட்டத்தைப் பார்த்ததும் செல்போனை எடுத்துக்குவாங்களே," என்றார்.

சரிதா வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் ஒருவர், குழாயடியில் ஒருவர் என்று சிதறிக் கிடந்தார்கள். குட்டை குட்டையாக ஊதினாள். இன்ஸ்பெக்டரம்மா படியிறங்குவதற்குள் பிள்ளைகள் லாடமாக வளைந்து நின்று சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஆளுங்களே இப்படி வரமாட்டாங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "முழங்கால் தண்ணிக்கு மேல ஒருத்தரும் இறங்கக் கூடாது. ஃபயர் சர்வீஸ்காரங்க ஆழத்துப் பக்கம் இருப்பாங்க. நீங்க கரைப் பக்கத்துக் கயிறு. சரிதானா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் சரிதா தலையை ஆட்டினாள்.

தலைவரிடம் சொன்னபோது அவர் முகம் விழுந்துவிட்டது. ஆடி விழாவுக்கு ஆற்றங்கரையில் அவரும் ஒரு மேடை போடுகிறாராம். சென்னையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறாராம். கயிறு என்றால் இரண்டு பக்கமும் கட்டிப்போட்டால் நிற்கப் போகிறது, அதற்குப் பிள்ளைகள் எதற்கு என்று கேட்டார். பிறகு அவராகவே இறங்கி வந்தார். மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் மட்டும் பிள்ளைகளை மேடைக்கு அனுப்பினால் போதும் என்றார். சரிதா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆடி பதினெட்டு வந்தது. மேட்டூரிலிருந்து திறந்துவிட்ட புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாமலும் பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து நின்றுவிட்டார்கள். கயிற்றின் ஆழத்துப் பக்கக் கோடியில் சின்னுசாமி என்ற தீயணைப்புக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நல்ல பருமன், அதிகம் பேசாதவர். பிள்ளைகளைப் பார்த்து, "கயித்தைக் கையில சுத்திக்காதீங்க. புடிச்சா மட்டும் போதும்," என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

கூட்டம் இறங்க இறங்க வேலை வந்தது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு அப்பால் போகப் பார்த்த ஒரு ஆளை மலர்விழி மறித்தாள். "மாமா, அந்தப் பக்கம் பள்ளமுங்க." "எனக்கா நீச்சல் தெரியாது? நான் இந்த ஆத்துலயே பொறந்தவன்." "பொறந்தது சரிங்க மாமா, இன்னிக்கு இந்தப் பக்கமே குளிச்சுக்கங்க." அவன் முணுமுணுத்துக்கொண்டு இந்தப் பக்கமே முங்கினான். கலையரசன் இரண்டு குழந்தைகளைத் தூக்கி அம்மாக்களிடம் கொடுத்தான். சரிதா கரையோரத்தில் நனைந்த புடவையோடு நின்று, ஒரு வருஷத்துக்குப் பிறகு, எரிச்சல் இல்லாமல் மூச்சு விட்டாள். அது கொஞ்ச நேரம்தான்.

கரைக்கு மேலே ரோட்டில் சிறப்பு விருந்தினரின் கார் வந்தது. கூட்டம் வழிவிடவில்லை. காரை ஒதுக்கி உள்ளே விட, அங்கே நின்ற டிராஃபிக் போலீஸ்காரர் விசிலை எடுத்து, குட்டை குட்டையாக, விடாமல் ஊதினார்.

சரிதா வாயைத் திறப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. பிள்ளைகள் கயிற்றைப் போட்டார்கள், தண்ணீர் தெறிக்கக் கரையேறினார்கள், கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். சரிதாவின் கால்கூட இரண்டடி மேலே எடுத்து வைத்துவிட்டது. அங்கே, சொட்டச் சொட்ட நனைந்த சீருடையில், அந்தப் போலீஸ்காரருக்கு எதிரே லாடமாக வளைந்து நின்று சல்யூட் அடித்தார்கள். ரோடு அடைத்துக்கொண்டது.

"அட என்னம்மா இது?" என்றார் போலீஸ்காரர், மூச்சிரைக்க மேலே ஓடிவந்த சரிதாவிடம். "வண்டி வருது ஒதுங்குங்கன்னு ஊதறேன், எதுத்தாப்புல வந்து சல்யூட் அடிக்கறாங்க?"

காரிலிருந்த விருந்தினர் அதைத் தனக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். இறங்கி, சட்டையைச் சரிசெய்து, அவரும் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்தார். பின்னாலேயே வந்த தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா எங்க புள்ளைங்களை? தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்திருக்காங்க."

கீழே ஆற்றில் கயிறு தொய்ந்து தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தாலிக்கயிறு மாற்ற நின்ற புதுப்பெண் ஒருத்தி கயிற்றோடேயே சாய்ந்துவிட்டாள். சின்னுசாமி எட்டி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சளும் பூவும் வைத்திருந்த தட்டு மட்டும் ஆற்றோடு போய்விட்டது. அவள் மாமியார் கரையில் உட்கார்ந்து, கல்யாணமான முதல் ஆடியிலேயே இப்படி ஆகிவிட்டதே என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது சரிதாவுக்கு.

"சொன்னா சொன்னபடி நிப்பாங்கன்னு சொன்னீங்க."

"சொன்னபடிதாங்க மேடம் செஞ்சாங்க."

"யார் சொன்னபடி?"

இன்ஸ்பெக்டரம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கயிற்றைத் தீயணைப்புக்காரர்களிடமே கொடுக்கச் சொன்னார். ஆள் போதாமல் அது பாதி தூரம்தான் எட்டியது. மிச்ச எல்லைக்கு மூங்கிலை நட்டு, சிவப்புத் துணியைக் கட்டி, மைக்கில் கத்த ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மலர்விழியின் கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"யார் ஊதறாங்கன்னு பாக்காதீங்கன்னு நீங்கதானக்கா சொன்னீங்க."

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"மூளைக்கு வேலையே கிடையாதுன்னீங்க."

"ஆமாடி. அதையும் நாந்தான் சொன்னேன்."

சரிதாவின் கை தானாகக் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபுக்குப் போனது. வருஷம் பூராவும் காத்திருந்து, கையில் கிடைத்ததை, வேறு வேலையில்லாமல் தானே பழக்கிவிட்ட ஒன்றால் தொலைத்திருக்கிறாள். தலைவரைத் திட்ட வழியில்லை. போலீஸ்காரரைத் திட்ட வழியில்லை. பிள்ளைகள் தப்பே செய்யவில்லை. கோபத்தை இறக்கிவைக்க ஒரு இடம் கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் எல்லாவற்றையும் விட எரிச்சலாக இருந்தது.

"இப்பக் கழட்டாதீங்கக்கா," என்றாள் மலர்விழி, அவள் கையைப் பார்த்துவிட்டு. "நாள் இன்னும் முடியல. பொழுது எறங்கட்டும், அப்பறம் கழட்டிக்கலாம்."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார். நடந்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"விடு அம்மிணி, அதனால என்ன. பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல, சாமி காப்பாத்துச்சு. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேடைக்கு வா. அங்க இவங்களைத்தான் எல்லாரும் கேக்கறாங்க."

"நாங்க வரலீங்கண்ணா."

இதுவரைக்கும் அவரிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை போலிருக்கிறது. சரியாகக் கேட்கவில்லையோ என்று தலையைச் சாய்த்தார்.

"கயித்தைத்தான் வாங்கிட்டாங்கல்ல?"

"ஆமாங்க."

"அப்பறம் இங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணுமில்லீங்க. நிக்கறோம்."

"அதைத்தானே அங்க வந்து நில்லுங்கங்கறேன்."

சரிதாவுக்கே சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. "இங்க நின்னா தண்ணி தெரியுதுங்கண்ணா," என்றாள். "எவனாவது பள்ளத்துல எறங்கினா கத்தவாச்சும் செய்வோம்."

"ஒரு வருஷமா நான் உங்களுக்கு என்ன கொறை வெச்சேன்?" என்று கேட்டார் அவர். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

"கொறை ஒண்ணும் வெக்கலீங்க. வேலைதான் வெக்கல."

அவர் வேட்டியை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மேடைப் பக்கம் பார்த்து நடந்தார். பாதியில் நின்று திரும்பி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரிதா பிள்ளைகளை எழுப்பினாள். இன்றைக்கு எந்த விசிலுக்கும் யாரும் அசையக் கூடாது, தன் விசிலுக்கும்தான், தான் நேரில் வந்து தோளைத் தொட்டால் மட்டும் நகர வேண்டும் என்றாள். மூங்கில் நட்ட எல்லையோரம் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிறுத்தினாள். கையில் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வாயால்தான் மறிக்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் போகாதீங்க, பள்ளமுங்க, பள்ளமுங்க. யாரும் காதில் வாங்கவில்லை. கயிறு இருந்தால் நிற்கிற ஜனம் வாய்க்கு நிற்காது. கலையரசனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நீங்கள்தானே காலையில் போட்டுவிட்டு ஓடினவர்கள் என்று ஒருவன் கேலி வேறு செய்துவிட்டுப் போனான்.

உச்சி வெயிலில் கரைக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. சின்னுசாமி தண்ணீருக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தார். விடிகாலையிலிருந்து தண்ணீரில் நின்று அவர் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. கையில் கயிற்று நுனி இருந்தது. பின்னால் அவருடைய ஆட்களில் பாதிப் பேர் கரையேறிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மிணி, ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துர்றோம். புள்ளைங்க புடிச்சுக்குவாங்களா?"

சரிதாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்ஸ்பெக்டர் மேடம்..."

"அவங்களும் சாப்புடத்தான் போயிருக்காங்க." அவர் மலர்விழியைப் பார்த்தார். "காலையில சொன்னது ஞாபகம் இருக்குதா சாமி? கையில சுத்தக் கூடாது."

"இருக்குதுங்க."

"ஓடவும் கூடாது."

"ஓடமாட்டமுங்க."

அவர் நுனியைக் கொடுத்துவிட்டு, ஈரக் கையை டவுசரில் துடைத்தபடி பொட்டலத்தை நோக்கிப் போய்விட்டார். யாருடைய அனுமதியும் இல்லை, கைதட்டல் இல்லை. கயிறு பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டது. சரிதாவும் நடுவில் ஒரு கை பிடித்துக்கொள்ள, வரிசை நீண்டு மூங்கிலைத் தாண்டிப் போனது. பதற்றத்தில் கலையரசன் கயிற்றைத் தேவைக்கு மேல் இழுத்துப் பிடித்தான். அது பக்கத்திலிருந்த அம்மாளின் முளைப்பாரிச் சட்டியில் இடித்தது.

"ஏம் பையா, கண்ணு தெரியலையா? கவுத்தைக் கொஞ்சம் எறக்கிப் புடி. நான் இத ஆத்துல உடோணுமா வேண்டாமா?"

"உடுங்கம்மா, உடுங்கம்மா," என்று அவன் கயிற்றைத் தாழ்த்தினான். அந்த அம்மாள் அவனைத் திட்டிக்கொண்டே முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டு, திட்டிக்கொண்டே கும்பிட்டு, அவன் தோளையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு கரையேறினாள்.

அப்போதுதான் மேடை மைக் கரகரத்தது. நற்சாரணர் சங்கத்துப் பிள்ளைகள் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும், சிறப்பு விருந்தினர் காத்திருக்கிறார் என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொன்னது. மூன்றாவது தடவை தலைவரே மைக்கை வாங்கியிருந்தார். "அம்மிணி சரிதா, கேக்குதா? கொஞ்ச நேரம், போட்டோவுக்கு மட்டும். வந்துட்டுப் போயிருங்க."

சரிதா கரையைப் பார்த்தாள். தீயணைப்புக்காரர்கள் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, இப்போது டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். திரும்பி வருகிற அவசரம் யார் நடையிலும் தெரியவில்லை. கயிறு இழுக்கிற இழுப்பில் அவள் தோள்பட்டை கடுத்தது. கலையரசன் பசிக்குதுக்கா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். இங்கே நின்ற பிள்ளைகளைப் பார்த்து அந்த ஆற்றங்கரையில் ஒருவர்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

"அக்கா," என்றாள் மலர்விழி, கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "நம்மளக் கூப்பிடறாங்க."

"காது கேக்குது," என்றாள் சரிதா. "அந்தாளு அப்பால போறான் பாரு. கயித்தைத் தூக்கு."